எட்டில் இரண்டு பட்டை மட்டும் தொய்ந்த கதை: ஒரு பருப்பு மில் ஃபீடரும் பைபர் இழையின் திசையும்

பின்னணி

மதுரையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் திருமங்கலம் தாண்டி உள்ளே ஒதுங்கிய ஒரு பருப்பு மில். உளுந்து உடைத்து, தோல் நீக்கி, கலர் சார்ட்டரில் விட்டுக் கறுப்பைப் பிரித்து மூட்டை போடுகிற நடுத்தர மில். நான் அங்கே நிரந்தர ஆள் இல்லை, இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு மில்லுக்குப் போய் மெஷின் வேலை பார்க்கிறவன். மில்லையும் ஆட்களையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். நடந்த தப்பில் பெரும்பங்கு என்னுடையது, அதை மட்டும் மறைக்கவில்லை.

சார்ட்டருக்குப் பருப்பைச் சீராகத் தள்ளிவிடுவது ஒரு அதிர்வு ஃபீடர். அடியில் காந்தக் காயில், மேலே தட்டு. அரை அலைக் கரண்டில் ஓடுவதால் நம் 50 ஹெர்ட்ஸ் லைனில் நிமிடத்துக்கு 3000 தடவை தட்டு முன்னும் பின்னும் ஆடும். தட்டையும் அடிக்கட்டையையும் இணைப்பவை முன்னால் நான்கு, பின்னால் நான்கு என எட்டு பைபர் பட்டைகள், அதாவது கண்ணாடி இழையும் எபாக்ஸி ரெசினும் சேர்ந்த மெல்லிய பட்டைகள். ஒவ்வொன்றும் 180 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன், இரு முனையிலும் 30 மி.மீ. பிடிப்புக்குள் போய்விடும், நடுவே 120 மி.மீ. வளையும்.

இந்த ஃபீடர் எல்லாம் காயிலின் பலத்தால் மட்டும் ஆடுவதில்லை. பட்டைகளின் விறைப்பும் தட்டின் எடையும் சேர்ந்து அதற்கென்று ஒரு சொந்த அதிர்வெண் இருக்கும், அதை 50-க்குச் சற்று மேலே, 53 என்கிற மாதிரி வைத்திருப்பார்கள். கரண்டின் தாளமும் தட்டின் தாளமும் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் சின்னக் காயில் இவ்வளவு பெரிய தட்டை ஆட்டுகிறது. பட்டையின் விறைப்பில் கொஞ்சம் கை வைத்தாலும் எல்லாம் கெடும் என்பதற்கும் அதுவே காரணம்.

எது உடைந்தது, ஏன் உள்ளூரில் செய்தோம்

தை முடிந்து புது உளுந்து வரத்து ஏறிக்கொண்டிருந்த சமயம். பின்பக்கக் கட்டில் இரண்டு பட்டைகள் போல்ட் ஓட்டை பக்கம் வெடித்துவிட்டன. கம்பெனிப் பட்டைக்குச் சொன்னால் மூன்று வாரம் என்றார்கள். மில் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், "மூணு வாரம் மெஷினை நிறுத்திட்டு நான் என்ன தம்பி பண்ண?" என்றார். நியாயம்தான்.

கப்பலூர் பக்கம் ஒரு பைபர் பட்டறையில் ஒருதிசை இழை மேட்டும் (இழையெல்லாம் ஒரே பக்கம் ஓடும் விரிப்பு) எபாக்ஸியும் போட்டு 3 மி.மீ. ஷீட் ஒன்று செய்யச் சொன்னேன். உடைந்தது இரண்டுதான் என்றாலும் எட்டையும் மாற்றிவிடலாம் என்று நானே முடிவு செய்தேன். பழசும் புதுசும் கலந்தால் விறைப்பு சமனாகாது என்பது என் நினைப்பு. நினைப்பில் தப்பில்லை. பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஷீட் ஒன்றரை அடி நீளம், ஏழரை அங்குல அகலம். இழை நீளவாக்கில் ஓடியது. நீளவாக்கில் வரிசைக்கு நான்காக இரண்டு வரிசை வெட்டினால் எட்டு பட்டை வரும், ஓரத்தில் நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு துண்டு மிஞ்சும். லேத் பட்டறைத் தம்பியிடம் "வீணாக்காம வெட்டுப்பா, ஸ்பேருக்கு ரெண்டு கிடைச்சாலும் நல்லது" என்று சொன்னது நான்தான். அவரும் மிஞ்சிய துண்டைக் குறுக்கே திருப்பிப் போட்டு இரண்டு பட்டை எடுத்துவிட்டார். மொத்தம் பத்து. ரெசினில் பச்சை நிறமி கலந்திருந்ததால் உள்ளே இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெளியே ஒன்றும் தெரியாது. பத்தும் ஒரே பச்சை, ஒரே அளவு. வெர்னியரில் பத்தையும் அளந்தேன், 3.0-க்கு முன்னே பின்னே அரைப் புள்ளிகூட இல்லை. பையிலிருந்து கைக்கு வந்த எட்டை எடுத்து மாட்டினேன். ஸ்பேர் என்று நினைத்த இரண்டும் அந்த எட்டுக்குள் வந்து, போதாக்குறைக்குப் பின்பக்கக் கட்டிலேயே உட்கார்ந்துகொண்டன.

மாட்டிய பிறகு கண்டது

வெறும் தட்டாக ஓட்டியபோது நன்றாகவே ஓடியது. ஸ்ட்ரோக், அதாவது தட்டு ஆடும் தூரம், 1.5 மி.மீ. பக்கம் காட்டியது, முன்பு இருந்த அளவுதான். கொஞ்சம் பின்பக்கம் துள்ளுகிற மாதிரி தோன்றியது, போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆபரேட்டர் போன். "அண்ணே, பருப்பு விழுந்தா நிக்கிது, பருப்பு இல்லேன்னா ஓடுது, என்னண்ணே இது." போய்ப் பார்த்தால் அப்படியேதான். தொட்டியிலிருந்து பருப்பு இறங்கியதும் தட்டு அடங்கிப்போகிறது, ஸ்ட்ரோக் அரை மில்லிக்கு வருகிறது, பின்பக்கம் பருப்பு இருந்த இடத்திலேயே குதிக்கிறது, முன்பக்கம் நகர்வதே இல்லை. கன்ட்ரோலரைக் கூட்டினால் காயில் சூடாகிறது, இன்னும் கூட்டினால் இரும்போடு இரும்பு மோதி டக் டக் என்று அடிக்கிறது.

தப்பான இடத்தில் இரண்டு நாள்

இந்த அறிகுறியிலேயே விடை இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சரியாக டியூன் ஆன ஃபீடரில் பருப்பின் எடை ஏறும்போது சொந்த அதிர்வெண் 53-லிருந்து கீழே இறங்கி 50-ஐ நெருங்கும், ஆட்டம் குறையாது, சில சமயம் கூடவே செய்யும். எடை ஏறும்போது ஆட்டம் செத்தால் சொந்த அதிர்வெண் ஏற்கெனவே 50-க்குக் கீழே போய்விட்டது, எடை அதை இன்னும் விலக்குகிறது என்று பொருள். அதாவது பட்டைக் கட்டு தொய்ந்துவிட்டது.

பட்டையெல்லாம் புதுசு, அளந்து மாட்டியது, அதில் என்ன இருக்கப்போகிறது என்று நான் காயிலைச் சோதித்தேன், காற்று இடைவெளியைச் சரிசெய்தேன், பக்கத்து மில்லிலிருந்து கன்ட்ரோலர் கார்டு கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், பட்டைகளுக்கு நடுவே போடும் தகடுகளைக்கூட மாற்றினேன். இரண்டு நாள் போயிற்று. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. சும்மா வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார், அதற்குத் திட்டியிருக்கலாம்.

வைஸில் மாட்டி எடைக்கல் தொங்கவிட்டது

மூன்றாம் நாள் எட்டையும் கழற்றி, ஒவ்வொன்றாக வைஸில் 30 மி.மீ. பிடித்து, வைஸ் வாயிலிருந்து 120 மி.மீ. தள்ளி ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு, அந்த இடம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தேன். ஆறு பட்டைகள் 1.6-லிருந்து 1.8 மி.மீ. வரை இறங்கின. உடையாமல் மிஞ்சிய பழைய கம்பெனிப் பட்டையை வைத்தேன், அதுவும் 1.7. ஏழாவது பட்டை 7 மி.மீ. இறங்கியது. தொங்கவிட்டதில் ஏதோ தப்பு என்று திரும்ப வைத்தேன், திரும்பவும் அதே 7. எட்டாவதும் அப்படியே.

ஏழாவது பட்டையில் இன்னொரு கிலோ சேர்த்தபோது "டிக்" என்று மெல்லிய சத்தம் கேட்டது. வைஸ் வாய் ஓரத்தில், அகலவாக்கில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு நேரான வெடிப்பு. பைபர் பட்டை அவ்வளவு நேராக வெடிக்க வேண்டுமென்றால் இழையோடு இழையாகத்தான் வெடிக்க வேண்டும். வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றை வெளியே எடுத்துப்போய், புகை மூக்கில் ஏறாமல் தள்ளி நின்று எரித்தேன். ரெசின் கருகிப் போனது, கண்ணாடி இழை மட்டும் நரைமுடி மாதிரி மிஞ்சியது, எல்லாம் ஒரே பக்கம் படுத்து. லேத் தம்பியைக் கேட்டதும் அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார், அந்த இரண்டும் குறுக்கே வெட்டியவை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்

மூங்கில் பிளாச்சை நெடுக்கில் வளைப்பதையும், அதே அளவு துண்டை மூங்கிலின் சுற்றுவாக்கில் எடுத்து வளைப்பதையும் நினைத்துப் பாருங்கள். கணக்காகச் சொன்னால், கண்ணாடி இழையின் நெகிழ்வுக் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) சுமார் 72 ஜிகாபாஸ்கல், ரெசினுடையது 3 சொச்சம். இரண்டும் பாதிப் பாதி சேர்ந்த ஷீட்டில் இழை நெடுக இழுத்தால் இரண்டும் சேர்ந்தே நீளவேண்டும், அதனால் இழை பாரத்தை எடுத்துக்கொள்ளும், கிட்டத்தட்ட 38 கிடைக்கும். குறுக்கே இழுத்தால் இழைக்கு நடுவே இருக்கும் ரெசின்தான் விட்டுக்கொடுக்கிறது, இழை சும்மா கூடப் போகிறது. 8, 9-தான் தேறும். நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். எடைக்கல் சொன்னதும் அதைத்தான்.

எட்டில் இரண்டு பட்டை கால் பங்குகூட இல்லாமல் போனால் மொத்த விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். சொந்த அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, எனவே பத்தில் ஒரு பங்கு குறையும்: 53 என்பது 48 பக்கம் வந்துவிடும். வெறும் தட்டு ஏன் நன்றாக ஓடியது என்பதற்கும் இதுதான் விடை. 50-க்கு மேலே மூன்று, கீழே இரண்டு. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தூரம், ஆட்டமும் ஒரே மாதிரி. பருப்பு விழுந்த பிறகுதான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்தது.

ஐந்து மில்லி யோசனை

அண்ணாச்சிக்கு விஷயத்தைச் சொன்னதும் உடனே கேட்டார், "அப்ப அந்த ரெண்டை மட்டும் கொஞ்சம் மொத்தமா போட்டுட்டா சரியாயிரும்ல?" கெட்டிக்காரத்தனமான கேள்வி. வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதனால் குறுக்கு வெட்டுப் பட்டையே 5 மி.மீ. இருந்தால் நெடுக்கு வெட்டு 3 மி.மீ. பட்டையின் விறைப்பு வந்துவிடும். கணக்கு சரி.

ஆனாலும் நான் ஏற்கவில்லை. விறைப்பு வந்தாலும் வலு வராது. இந்தப் பொருளில் குறுக்கே தாங்கும் இழுவை நெடுக்கில் தாங்குவதில் சுமார் இருபதில் ஒரு பங்குதான், இரண்டு கிலோவுக்கே டிக் என்ற பட்டை நிமிடத்துக்கு 3000 ஆட்டத்தை எத்தனை நாள் தாங்கும்? கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து விறைப்பை ஈடுகட்டலாமா என்று நானும் ஒரு நிமிடம் நினைத்தேன், அதையும் இதே காரணத்துக்காக விட்டேன்: குறுக்குப் பட்டைகள் வெடிக்க வெடிக்க டியூனிங் தினமும் மாறும்.

அன்றைக்கு ஓட்டியாக வேண்டும் என்பதால் நல்ல புதுப் பட்டை ஆறோடு, வெடிக்காத பழைய பட்டை இரண்டைப் போட்டோம். கலக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்த அதே பழசும் புதுசும். சாயங்காலமே சார்ட்டர் ஓடியது.

இரண்டாவது ஷீட், இரண்டாவது தப்பு

பழைய பட்டைகளில் ஓட்டை ஓரம் வெளுத்திருந்ததால் நீண்ட நாள் தாங்காது என்று இரண்டடிக்கு ஓரடியில் இன்னொரு ஷீட் செய்யச் சொன்னேன். இந்த முறை ஷீட் மேலேயே மார்க்கரில் இழைத் திசைக்கு அம்புக்குறி போட்டுத் தரச் சொன்னேன், போட்டும் தந்தார்கள். முதலில் இரண்டு பட்டை மட்டும் வெட்டி எடைக்கல் வைத்தேன். இரண்டும் 2.1 மி.மீ. இறங்கின. அதோடு நுனி நேராக இறங்கவில்லை, ஒரு மூலை தாழ்ந்து ஒரு மூலை தூக்கி, பட்டை முறுக்கிக்கொண்டு இறங்கியது.

வளையும்போது முறுக்கினால் இழை சாய்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். ஷீட் ஓரத்தை இடுக்கியால் உடைத்து உரித்தேன், பனை வாரையைப் பிளந்த மாதிரி இழையோடு பிளந்துகொண்டு போயிற்று. அந்தப் பிளவுக் கோடு ஷீட் ஓரத்துக்கு இணையாக இல்லை. 180 மி.மீ. ஓடுவதற்குள் 32 மி.மீ. விலகியது, கோணமாகச் சொன்னால் 10 டிகிரி. பட்டறையில் ரோலர் போட்டு ரெசினைத் தேய்க்கும்போது மேட் நகர்ந்திருக்கிறது. அம்புக்குறி போட்டவர் இழையைப் பார்க்காமல் ஷீட் ஓரத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

10 டிகிரி என்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 15 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. நேரில் 38, குறுக்கில் 8 என்றால் 45 டிகிரியில் இரண்டுக்கும் நடுவே 23 இருக்கும் என்று நான்கூட நினைத்திருந்தேன். அப்படியில்லை, 45-லேயே 9, 10-க்கு வந்துவிடும், அதற்கப்புறம் இறங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சாய்ந்த இழையில் பாரம் ரெசினை வெட்டுவாக்கில் சறுக்க வைக்கிறது, ரெசின் அதற்குச் சுலபமாக இடம் கொடுக்கிறது. வீட்டில் இதைச் சொன்னபோது, பிளவுஸ் தைக்கிற என் மனைவி "கிராஸ் கட்டிங்தான, துணி இழுத்தா வரும்ல" என்று முடித்துவிட்டாள். நெய்த துணிக்கும் இதற்கும் கணக்கு ஒன்றில்லை என்றாலும் விஷயம் அதுதான். கார்பன் இழை இன்னும் மோசம். அதில் நெடுக்கு விறைப்பு மிக அதிகம் என்பதால் 10 டிகிரி சாய்ந்தாலே பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் மிஞ்சும்.

ஷீட்டைத் தூக்கிப் போடவில்லை. பிளவுக் கோட்டை அடிக்கோடாக வைத்து, அதற்கு இணையாகச் சாய்த்து வெட்டினோம். மூலையெல்லாம் முக்கோணமாக வீணாயிற்று. எட்டு பட்டை தேறியது, எட்டும் 1.6-க்கும் 1.8-க்கும் நடுவில். மாட்டியபோது பருப்போடு ஸ்ட்ரோக் ஒன்றரை மில்லி நின்றது, காயில் சூடு பழையபடி.

ஐந்து மாதம் கழித்து

சீசன் முழுக்க ஓடியது. ஐந்தாவது மாதத்தில் ஒரு பட்டை போல்ட் ஓட்டையிலிருந்து நெடுக்கில் பிளந்தது. இது குறுக்கு வெட்டுப் பிரச்சினை இல்லை, நேர் எதிர்: எல்லா இழையும் ஒரே பக்கம் ஓடினால் ஓட்டையிலிருந்து பிளவைத் தடுக்கக் குறுக்கே ஒரு இழைகூட இருக்காது. கம்பெனிப் பட்டை ஏன் இப்படிப் பிளக்கவில்லை, வேறு மாதிரிதானே வெடித்தது என்று யோசித்தபோதுதான், உடைந்த பழைய பட்டையை எரித்துப் பார்க்கத் தோன்றியது. உள்ளே சரியாக நட்டநடுவில் மெல்லிய நெய்த துணி ஒரு அடுக்கு இருந்தது. மேலும் கீழும் ஒருதிசை இழை.

பட்டறையில் சொன்னேன். பட்டறைக்காரர் துணியை மேலே ஒரு பக்கம் மட்டும் போட்டுச் செய்தார், ஆறியதும் ஷீட் அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது. இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் ரெசின் சுருங்கும்போது ஒரு பக்கம் இழுத்துவிடும். "அப்ப ரெண்டு பக்கமும் போட்டுருவோம் சார்" என்றார். சுருளாதுதான், ஆனால் வளையும் பட்டையில் வேலை பார்ப்பதெல்லாம் மேல்தோலும் கீழ்த்தோலும். 3 மி.மீ. பட்டையில் வெளியே கால் மி.மீ. வீதம் இரண்டு தோலும் சேர்ந்து வளைவு விறைப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சுமக்கும், நடுவில் இருக்கும் அரை மி.மீ. அரை சதவீதம்கூடச் சுமக்காது. விறைப்புக் குறைந்த துணியைத் தோலில் போட்டால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இழக்கவேண்டி வரும், நடுவில் போட்டால் நஷ்டம் கணக்கிலேயே வராது. கம்பெனிக்காரன் சும்மா நடுவில் வைக்கவில்லை.

நடுவில் துணி வைத்துச் செய்த மூன்றாவது ஷீட்டின் பட்டைகள் 1.7 மி.மீ. இறங்கின. அவைதான் இப்போது ஓடுகின்றன, இதுவரை பிளவு இல்லை.

இனி மாற்றிச் செய்வது

உடைந்த பட்டை கைக்கு வந்த முதல் நாளே ஒரு துண்டை எரித்து உள்ளே என்ன அடுக்கு, எந்தத் திசை என்று பார்த்துவிடுவேன். பத்து நிமிட வேலை, அதைச் செய்யாமல் ஐந்து மாதம் சுற்றினேன். பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும்போது தடிமனோடு சேர்த்து இழைத் திசையையும் எழுதிக் கொடுக்கிறேன். ஓரத்தில் ஒரு விரல் அகலம் கூடுதலாக விடச் சொல்கிறேன், அதைப் பிளந்து பார்த்துத்தான் வெட்டுக்கோடு போடுவது. பச்சை நிறமி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிறமி இல்லாத ஷீட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தாலே இழை தெரிகிறது.

கன்ட்ரோலர் கார்டு வரைக்கும் போவதற்கு முன், பருப்போடு ஒருமுறை, பருப்பு இல்லாமல் ஒருமுறை ஸ்ட்ரோக் பார்ப்பதை முதல் வேலையாக வைத்திருக்கிறேன். எடை ஏறி ஆட்டம் செத்தால் பட்டையைக் கழற்று, அவ்வளவுதான்.

லேத் தம்பியிடம் மிச்சத் துண்டைக் குறுக்கே வெட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். குறுக்கே வெட்டிய அந்த இரண்டில் வெடிக்காத ஒன்று மில்லில் ஆபரேட்டர் மேஜை மேல் கிடக்கிறது. புதுப் பட்டை வந்தால் அவரே அதையும் புதுசையும் வைஸில் அடுத்தடுத்து மாட்டி, கடையிலிருந்து வாங்கி வைத்த ஒரு கிலோ கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் போடுகிறார்.